எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து கொடுக்கக் கூடாதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பட்டியில் இருக்கிற எல்லா ஆட்டுக்கும் குடற்புழு நீக்க மருந்து. ஆடு வளர்க்கும் வீடுகளில் பல வருஷமாகப் பின்பற்றப்படும் வழக்கம் இது. கேட்கவும் சரியாகத்தான் இருக்கிறது. புழு இருந்தால் செத்துவிடும், இல்லாவிட்டால் வராமல் தடுக்கும். எப்படிப் பார்த்தாலும் லாபம்தானே?

ஆனால், ஒட்டுண்ணிகளை ஆராயும் விஞ்ஞானிகள் கடந்த 30 ஆண்டுகளாக இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொல்லி வருகிறார்கள். எல்லா ஆட்டுக்கும் கொடுக்காதீர்கள். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். கொஞ்சம் புழுக்களை வேண்டுமென்றே உயிரோடு விட்டுவையுங்கள்.

புழுவைக் காப்பாற்றச் சொல்வது போல இருக்கிறதா? அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் வில்லன் யாரென்று பார்த்துவிடலாம்.

யார் இந்தப் புழு?

ஆடு, மாடுகளின் குடலிலும் இரைப்பையிலும் பல வகைப் புழுக்கள் வாழ்கின்றன. அவற்றில் செம்மறி, வெள்ளாடுகளை அதிகம் கொல்வது ‘ஹீமாங்கஸ் கன்டார்டஸ்’ என்ற உருண்டைப்புழு. வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகள் எல்லாமே இதற்குச் சொந்த ஊர்தான். பெண் புழுவின் நீளம் 2 முதல் 3 சென்டிமீட்டர். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும், வெள்ளை நிறச் சினைப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதால், சிவப்பு வெள்ளைக் கயிறு முறுக்கியது போலத் தெரியும்.

ஆட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. நான்காவது அறையின் சுவரைக் கீறி ரத்தம் குடிப்பதுதான் இதன் வேலை. ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரே ஆட்டில் 2,000 புழுக்கள் இருந்தால், நாளொன்றுக்கு 100 மில்லி ரத்தம் போய்விடும். டீக்கடை கிளாஸில் ஏறக்குறைய ஒரு கிளாஸ். அதுவும் தினமும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் புழு தாக்கினால் பெரும்பாலும் கழிச்சல் வராது. ஆடு தீனி தின்னும், கூட்டத்தோடு மேயும். ஆனால் உள்ளுக்குள் ரத்தசோகை ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச தூரம் ஓட்டினாலே படுத்துவிடும். கீழ்த்தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை போல வீங்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்று வளர்ப்பவர் சொல்லும்போது ஆடு செத்திருக்கும்.

மேய்ச்சல் நிலத்தில் என்ன நடக்கிறது?

ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். அவை புழுக்கையோடு வெளியே வரும். சூடும் ஈரமும் சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, ஆட்டுக்குள் நுழையத் தயாரான இளம்புழுவாக மாறிவிடும். பனித்துளியும் மழை ஈரமும் இருக்கும்போது அந்த இளம்புழு புல்லின் மேல் ஏறி நிற்கும். ஆடு புல்லை மேயும்போது அதுவும் உள்ளே போய்விடும். அடுத்த 3 வாரத்தில் அது வளர்ந்து, தானும் முட்டை போடத் தொடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்த நேரத்திலும் புழுக்களில் ஒரு பகுதிதான் ஆட்டுக்குள் இருக்கும். மீதி புல்லிலும் மண்ணிலும் முட்டையாகவும் இளம்புழுவாகவும் காத்திருக்கும். ஆட்டுக்குக் கொடுக்கும் மருந்து இந்த இரண்டாவது கூட்டத்தைத் தொடுவதே இல்லை.

மருந்துதான் இருக்கிறதே, பிறகென்ன பிரச்சினை?

1961இல் தையாபென்டசோல் என்ற மருந்து வந்தது. இன்று பரவலாகப் பயன்படும் ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஆகியவற்றின் மூத்த அண்ணன் என்று சொல்லலாம். இவற்றை பென்சிமிடசோல் வகை என்பார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய அதிசயம். ஆனால் 1964லேயே, இந்த மருந்துக்கு அசராத ஹீமாங்கஸ் புழுக்கள் அமெரிக்காவில் பதிவாகிவிட்டன. மூன்றே வருஷம்.

அடுத்து வேறு வகையைச் சேர்ந்த லெவாமிசோல் வந்தது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. பிறகு 1981இல் கால்நடைகளுக்கான ஐவர்மெக்டின். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றிய அதே பெயர்தான். ஜப்பானில் சத்தோஷி ஓமுரா எடுத்த மண் மாதிரியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து, அமெரிக்காவில் வில்லியம் கேம்பெல் குழுவினர் கண்டறிந்தது. இருவருக்கும் 2015இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களில் ஆற்றுக் குருடு நோயைக் கட்டுப்படுத்தியதும் இந்த மருந்துதான். இவ்வளவு வலிமையான மருந்துக்கும் ஆட்டுப் புழுக்கள் 10 ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. 1980களின் பிற்பகுதியிலேயே தென்னாப்பிரிக்காவிலிருந்து எதிர்ப்புச் செய்திகள் வந்துவிட்டன.

அதன் பிறகு ஆடுகளுக்கு முற்றிலும் புதிய வகை மருந்து ஒன்று சந்தைக்கு வர 28 வருஷம் ஆனது. மோனிபான்டல் என்ற அந்த மருந்து 2009இல் நியூசிலாந்தில் அறிமுகமானது. 2013இல் அதே நியூசிலாந்தில், ஒரு பண்ணையின் புழுக்கள் அதையும் தாங்கி நிற்பதாக ஆய்வறிக்கை வந்தது.

கணக்கைப் பாருங்கள். கண்டுபிடிக்க 28 வருஷம், தோற்க 4 வருஷம். தென்னாப்பிரிக்காவில் எந்த மருந்தும் வேலை செய்யாமல் செம்மறி வளர்ப்பையே கைவிட்ட பண்ணைகள் உண்டு.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. இந்தியாவில் தையாபென்டசோலுக்கு எதிர்ப்பு இருப்பது 1976லேயே பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு ஹரியானா, ராஜஸ்தான், தமிழ்நாடு எனப் பல மாநிலங்களின் செம்மறிப் பண்ணைகளில் பென்சிமிடசோல் எதிர்ப்பு உறுதியாகியுள்ளது.

மருந்தை எதிர்க்கப் புழு எங்கே கற்றுக்கொள்கிறது?

எங்கேயும் கற்றுக்கொள்வதில்லை. எதிர்ப்பு கொண்ட சில புழுக்கள் ஏற்கெனவே கூட்டத்தில் இருக்கின்றன. மருந்து அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பென்சிமிடசோல் மருந்துகள் புழுவின் செல்லுக்குள் இருக்கும் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டும். அந்தப் புரதத்தின் 200வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தால் மருந்து சரியாக ஒட்டாது. பூட்டில் சின்ன மாற்றம், சாவி நுழையவில்லை என்பது போல. ஹீமாங்கஸின் மரபணுத் தொகுப்பு 2013இல் முதல் முறையாக வெளியானது. குரோமோசோம் அளவிலான முழு வரைபடம் 2020இல் வந்தது. ஐவர்மெக்டின் எதிர்ப்போடு தொடர்புடைய முக்கியப் பகுதி 5வது குரோமோசோமில் இருப்பதை அதன் உதவியோடு ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஒரு ஆட்டில் 1,000 புழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 10 மட்டும் எதிர்ப்புள்ளவை. மருந்து கொடுத்ததும் 990 செத்துவிடும். ஆடு தேறிவிடும், வளர்ப்பவருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த 3 வாரத்துக்கு அந்த ஆடு போடும் புழுக்கையில் இருக்கும் முட்டைகள் எல்லாமே அந்த 10 புழுக்களின் வாரிசுகள். பட்டியில் உள்ள எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்திருந்தால், எல்லா ஆட்டிலும் இதே நிலைதான்.

அப்போ சில புழுக்களை விட்டுவைத்தால் என்ன ஆகும்?

இங்கேதான் ‘புகலிடம்’ என்ற கருத்து வருகிறது. ஆங்கிலத்தில் ரெஃபியூஜியா என்பார்கள். மருந்தே படாத புழுக்களின் கூட்டம் என்று அர்த்தம். மேய்ச்சல் நிலத்தில் இருக்கும் இளம்புழுக்களும், மருந்து கொடுக்காமல் விட்ட ஆடுகளின் வயிற்றில் இருக்கும் புழுக்களும் இதில் அடங்கும்.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை மருந்துக்குச் சாகக்கூடிய சாதாரணப் புழுக்கள். அவை எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் வரை, எதிர்ப்புள்ள 10 புழுக்களின் வாரிசுகள் கூட்டத்தில் கரைந்து போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விடுவதற்கும், ஒரு குடம் தண்ணீரில் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். குடத்தைக் காலி செய்துவிட்டு மையை ஊற்றினால் முழுக்க மைதான் மிஞ்சும்.

தென்னாப்பிரிக்காவின் யான் வான் வைக் 2001இல் எழுதிய கட்டுரையில், மருந்து எதிர்ப்பு உருவாவதில் எல்லோரும் கவனிக்காமல் விட்ட, ஒருவேளை மிக வலிமையான காரணி இந்தப் புகலிடம்தான் என்று வாதிட்டார். பழைய அறிவுரைகள் பல இதனால் தலைகீழாயின. உதாரணத்துக்கு, ‘மருந்து கொடுத்துவிட்டு உடனே புழு இல்லாத புது மேய்ச்சல் நிலத்துக்கு மாற்றுங்கள்’ என்பது ஒரு காலத்தில் நல்ல யோசனையாகச் சொல்லப்பட்டது. புகலிடக் கணக்குப்படி பார்த்தால் இது ஆபத்து. புது நிலத்தில் போய்ச் சேரும் புழுக்கள் அனைத்தும் மருந்தைத் தாண்டி வந்தவையாகத்தானே இருக்கும்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். அங்கே வறண்ட கோடையில் ஆடுகள் அனைத்துக்கும் மருந்து கொடுக்கும் திட்டம் இருந்தது. வெயிலில் நிலத்திலுள்ள இளம்புழுக்கள் எப்படியும் காய்ந்து செத்துவிடும், ஆட்டுக்குள் இருப்பவற்றையும் கொன்றுவிட்டால் வருஷம் முழுக்கப் பிரச்சினை இல்லை என்பது திட்டம். புழு குறைந்தது உண்மை. ஆனால் புகலிடமே இல்லாத நேரத்தில் மருந்து கொடுத்ததால் எதிர்ப்பு வேகமாகப் பரவியது. பிறகு ஆலோசனையை மாற்ற வேண்டி வந்தது.

எந்த ஆட்டுக்குக் கொடுப்பது என்று எப்படித் தெரியும்?

ஒரு மந்தையில் புழுக்கள் எல்லா ஆட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. பொதுவாக 20 முதல் 30 சதவீத ஆடுகளில்தான் சுமார் 80 சதவீதப் புழுக்கள் இருக்கும். அந்தச் சில ஆடுகளைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.

கண்டுபிடிக்க லேப் வேண்டாம், கண்ணைப் பார்த்தால் போதும் என்றார்கள் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள். ஹீமாங்கஸ் ரத்தம் குடிக்கும் புழு. ரத்தம் குறைந்தால் கீழ்இமையின் உட்புறம் வெளிறும். மனிதர்களுக்கு டாக்டர் இமையை இழுத்துப் பார்ப்பது போலத்தான். இந்த நிறத்தை 5 படிகளாகப் பிரித்து 1990களில் ஒரு அட்டை தயாரித்தார்கள். யோசனையின் பின்னணியில் இருந்த ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரையும் ‘சார்ட்’ என்ற சொல்லையும் சேர்த்து அதற்கு ‘ஃபமாச்சா’ என்று பெயர் வைத்தார்கள்.

நல்ல சிவப்பாக இருந்தால் 1, வெள்ளையாக வெளிறியிருந்தால் 5. முதல் இரண்டு படிகளில் இருக்கும் ஆட்டுக்கு மருந்து வேண்டாம். 4, 5 என்றால் உடனே கொடுக்க வேண்டும். 3 என்றால் குட்டியா, சினை ஆடா, உடல் மெலிந்திருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

இதன்படி நடந்த மந்தைகளில் பெரும்பாலான ஆடுகளுக்கு மருந்தே தேவைப்படவில்லை. மருந்துச் செலவு குறைந்தது. எந்த ஆடு திரும்பத் திரும்ப வெளிறுகிறது என்பதும் தெரிந்துவிட்டது. அதைக் கழித்துவிட்டு, தாங்கும் ஆடுகளின் குட்டிகளை வைத்துக்கொண்டால் மந்தையே மெல்ல மெல்ல வலுவாகும்.

ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. ரத்தம் குடிக்காத புழுக்களை இது காட்டிக்கொடுக்காது. கல்லீரல் தட்டைப்புழு, உண்ணி, சத்துக்குறைவு போன்றவற்றாலும் இமை வெளிறலாம். போன் திரையில் நிறம் மாறித் தெரியும் என்பதால், ஃபார்வேர்டு ஆகி வந்த அட்டைப் படத்தை வைத்துப் பார்ப்பதும் சரிவராது. அசல் அட்டை, பகல் வெளிச்சம், ஒருமுறையாவது கால்நடை மருத்துவரிடம் பயிற்சி ஆகிய மூன்றும் வேண்டும். கேமரா மூலம் இமை நிறத்தைத் தானாகக் கணிக்கும் செயலிகள் குறித்தும் ஆய்வுகள் நடக்கின்றன.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது எப்படி?

இதற்குப் புழுக்கைப் பரிசோதனைதான் வழி. உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மேலே மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் 1939இல் உருவான முறை இது. இன்றும் உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. மருந்து கொடுக்கும் அன்று ஒருமுறையும், 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு முறையும் எண்ணுவார்கள். முட்டைகள் 95 சதவீதத்துக்குக் குறைவாகவே குறைந்திருந்தால் எதிர்ப்பு இருப்பதாகச் சந்தேகிக்கலாம்.

இந்தப் பரிசோதனை செய்யாமல் ‘மருந்து கேட்கலை’ என்று டோஸை ஏற்றுவதும், பிராண்டை மாற்றுவதும்தான் வழக்கமாக நடக்கிறது. பிராண்ட் மாறினாலும் உள்ளே இருப்பது அதே வகை மருந்தாக இருந்தால் பயனில்லை. ஆல்பெண்டசோலில் தப்பித்த புழு ஃபென்பெண்டசோலிலும் தப்பிக்கும்.

இன்னொரு விஷயம் தமிழ்நாட்டுக்கு மிக முக்கியம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இங்கே செம்மறி ஆடுகள் சுமார் 45 லட்சம். வெள்ளாடுகள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், சுமார் 99 லட்சம். வெள்ளாட்டின் உடல் பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். அதனால் செம்மறிக்கான அளவை அப்படியே வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் அது குறைந்த டோஸ் ஆகிவிடும். புழு சாகாது, பழகிக்கொள்ள வாய்ப்புதான் கிடைக்கும். எடையைக் கண்ணால் உத்தேசமாகப் பார்த்துக் குறைத்துக் கொடுப்பதும் இதே தவறுதான். வெள்ளாட்டுக்கான அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மருந்தைத் தவிர வேறு வழி இல்லையா?

இருக்கிறது. ஆனால் எதுவும் மந்திரக்கோல் இல்லை.

முதலாவது, தடுப்பூசி. புழுவுக்கு எதிரான முதல் வணிகத் தடுப்பூசி 1959இலேயே வந்துவிட்டது. கதிர்வீச்சால் பலவீனமாக்கிய இளம்புழுக்களை மாட்டுக்குக் கொடுத்து நுரையீரல் புழுவைத் தடுக்கும் முறை அது. பிரிட்டனின் கிளாஸ்கோவில் உருவானது. ஹீமாங்கஸுக்கு எதிரான ‘பார்பர்வாக்ஸ்’ 2014இல்தான் ஆஸ்திரேலியாவில் வந்தது. எடின்பரோவின் மோர்டன் ஆய்வு நிறுவனமும் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையும் சேர்ந்து உருவாக்கியவை. புழுவின் குடல் சுவரில் உள்ள புரதங்களுக்கு எதிராக ஆட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். புழு ரத்தம் குடிக்கும்போது அதையும் சேர்த்துக் குடித்துப் பட்டினியில் சாகும். குறை என்னவென்றால், சுமார் 6 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். அந்தப் புரதத்தையும் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்க முடியாமல், உண்மையான புழுக்களிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

இரண்டாவது, இனம். கென்யாவின் ரெட் மாசாய் செம்மறி, இறக்குமதி இனமான டார்ப்பரைவிட இந்தப் புழுவை நன்றாகத் தாங்குவது பல ஆய்வுகளில் தெரியவந்தது. இந்தியாவில் மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியைச் சேர்ந்த கரோல் என்ற குட்டையான செம்மறிக்கும் இந்தத் திறன் இருப்பதை மகாராஷ்டிராவின் பல்தனில் நடந்த கலப்பின ஆய்வு காட்டியது. சதுப்பு நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழுவோடு வாழ்ந்து வந்த இனம் அது. எடை கூடுகிறதே என்று உள்ளூர் இனங்களை முழுக்கக் கைவிடும்போது இந்தத் திறனும் சேர்ந்தே போய்விடுகிறது.

மூன்றாவது, பூஞ்சை. டடிங்டோனியா என்ற பூஞ்சையின் வித்துகளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் அவை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வரும். அங்கே வலை போல வளர்ந்து இளம்புழுக்களைப் பிடித்துத் தின்னும். சில நாடுகளில் இது விற்பனைக்கும் வந்துவிட்டது.

மாட்டுக்கும் இதே கதைதானா?

பாதி. வளர்ந்த மாடுகளுக்குப் பல உருண்டைப்புழுக்களுக்கு எதிராக நோயெதிர்ப்புத் திறன் வந்துவிடும். அதிகம் பாதிக்கப்படுவது கன்றுகள்தான். எருமைக் கன்றுகளைத் தாக்கும் பெரிய உருண்டைப்புழு ஒன்று தாய்ப்பால் வழியாகவே உள்ளே போகும் என்பதால், கன்று புல்லைக் கடிக்கும் முன்பே மருத்துவர்கள் மருந்து கொடுக்கச் சொல்வார்கள். ஏரி, குளக்கரைகளில் மேயும் மாடுகளுக்கு நத்தை வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழு தனிப் பிரச்சினை. அதற்கு மருந்தும் வேறு. ஐவர்மெக்டின் அதைத் தொடாது. அதே சமயம், மாட்டின் குடலில் வாழும் கூப்பேரியா என்ற உருண்டைப்புழு ஐவர்மெக்டினை எதிர்ப்பது நியூசிலாந்து, பிரேசில், அமெரிக்கா போன்ற நாடுகளில் பதிவாகியுள்ளது.

ஊரில் ஆடு இருந்தால் என்ன செய்யலாம்?

சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரில் நாலு ஆடு வாங்கிவிட்டிருக்கும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர். அம்மாவோ அப்பாவோ பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் போனில் சொல்லக்கூடியவை இவை: காலையில் பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள், ஈரப் புல்லில்தான் இளம்புழு மேலே இருக்கும். புல்லைத் தரையோடு மொட்டையாகும் வரை மேய விடாதீர்கள். குட்டிகளையும் சினை ஆடுகளையும் தனியாகக் கவனியுங்கள், முதலில் விழுவது அவைதான். புதிதாக வாங்கிய ஆட்டை உடனே மந்தையோடு சேர்க்காதீர்கள், எதிர்ப்புள்ள புழுக்கள் ஊர் மாறுவது அப்படித்தான். மருந்து கொடுத்தால் பாட்டிலில் குறிப்பிட்ட நாள்கள் முடியும் வரை பாலையோ இறைச்சியையோ பயன்படுத்தாதீர்கள்.

எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுப்பதை நாளையே நிறுத்திவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. இமை பார்க்கத் தெரியாமல், பரிசோதனையும் இல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால் ஆடுதான் சாகும். ஆகவே அடுத்த முறை பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது, மருந்து கேட்கும் முன் கொஞ்சம் புதுப் புழுக்கையை ஒரு கவரில் எடுத்துப் போய், “போன தடவை கொடுத்த மருந்து வேலை செஞ்சுதான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்கலாம். மந்தையில் எந்த மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது என்பது அதற்குக் கிடைக்கும் பதிலில்தான் இருக்கிறது.